ஜேஎஸ்எஃப்-இல் சொந்த ஃபேக்டரி கிளாஸ் அமைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேரள-தமிழ்நாடு எல்லையில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் பக்கத்துப் பிள்ளைகள் பலர் படிப்பு முடிந்ததும் கஞ்சிக்கோட்டுக்கோ கோவைக்கோ மென்பொருள் வேலைக்குப் போகிறார்கள். முதல் நாளே கையில் கொடுக்கப்படுவது பெரும்பாலும் யாரோ எழுதி, பல வருடமாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு திட்டம். அதில் ஜாவாவில் வலைப் பக்கங்கள் கட்டும் ஃபிரேம்வொர்க்கான ஜாவா சர்வர் ஃபேசஸ், சுருக்கமாக ஜேஎஸ்எஃப், இருந்தால் ஒரு கட்டத்தில் ‘ஃபேக்டரியை மாற்று’ என்று ஒரு வேலை வந்து சேரும். பள்ளியில் மலையாளம், கல்லூரியில் ஆங்கிலம், வீட்டில் தமிழ் என்று வளர்ந்த இந்தப் பிள்ளைகள் சந்தேகம் கேட்பது தமிழில்தான். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டவற்றுக்கு இங்கே தமிழிலேயே பதில் எழுதியிருக்கிறேன்.

உதாரணத்துக்கு ஒரே மென்பொருளை வைத்துக்கொள்வோம். எல்லைச் சாலையில் இருக்கும் ஓர் எடைமேடை. லாரி எண், காலி எடை, லோடு எடை, நிகர எடை, சரக்கு என்ன என்று பதிந்து சீட்டு அச்சடிக்கும். திரை தமிழிலும் மலையாளத்திலும் வரும். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்து வாளையாறு மாதிரி இடங்களில் வணிகவரிச் சோதனைச் சாவடி போனாலும், தேங்காய் லோடுக்கும் தக்காளி லோடுக்கும் எடைச் சீட்டு இன்னும் வேண்டியிருக்கிறது. அதனால் இது பொழுதுபோக்கு உதாரணம் அல்ல.

ஃபேக்டரி என்று இங்கே எதைச் சொல்கிறார்கள்?

ஜேஎஸ்எஃப் தன் வேலைக்குத் தேவையான முக்கியமான பொருட்களை நேரடியாகப் படைப்பதில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃபேக்டரி கிளாஸிடம் கேட்டு வாங்கிக்கொள்கிறது. அப்ளிகேஷன் பொருளுக்கு அப்ளிகேஷன் ஃபேக்டரி, ஒவ்வொரு கோரிக்கைக்குமான ஃபேசஸ் கான்டெக்ஸ்டுக்கு ஃபேசஸ் கான்டெக்ஸ்ட் ஃபேக்டரி, பிழைகளைக் கையாளும் பொருளுக்கு எக்செப்ஷன் ஹேண்ட்லர் ஃபேக்டரி. லைஃப்சைக்கிள், ரெண்டர் கிட், எக்ஸ்டர்னல் கான்டெக்ஸ்ட், பார்ஷியல் வியூ கான்டெக்ஸ்ட் என்று பட்டியல் நீளும்.

எந்த ஃபேக்டரிக்கு எந்த கிளாஸ் என்று தேடிப் பிடிக்கும் வேலையை ஃபேக்டரி ஃபைண்டர் என்ற கிளாஸ் செய்கிறது. நாம் மாற்றச் சொல்வது அந்தத் தேடலின் விடையைத்தான். ஃபிரேம்வொர்க்கின் உள்ளே ஒரு வரிகூடத் தொட வேண்டாம்.

எனக்கு உண்மையிலேயே சொந்த ஃபேக்டரி வேண்டுமா?

பாதிப் பேருக்கு வேண்டாம். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தேவையில்லாத ஃபேக்டரி ஒரு திட்டத்துக்குள் நுழைந்துவிட்டால் அதை எடுக்க யாருக்கும் தைரியம் வராது. எதற்காக வைத்தார்கள் என்று தெரியாமல் அது வருடக்கணக்கில் உட்கார்ந்திருக்கும்.

நம் பக்கத்தில் அதிகம் வரும் தேவை மொழி. ‘பயனர் தமிழ் தேர்ந்தெடுத்தால் எல்லாப் பக்கமும் தமிழில் வர வேண்டும், மலையாளம் என்றால் மலையாளத்தில். இதற்கு அப்ளிகேஷன் ஃபேக்டரியை மாற்றட்டுமா?’ என்று கேட்கிறார்கள். வேண்டியதில்லை. ஃபேசஸ்-கான்ஃபிக் கோப்பில் லொகேல்-கான்ஃபிக் என்ற டேக்குக்குள் இரண்டு மொழிகளையும் சப்போர்ட்டட்-லொகேல் என்று எழுதுங்கள். பயனர் தேர்ந்தெடுத்த மொழியை செஷனில் (அவருக்காக சர்வர் வைத்திருக்கும் நினைவில்) இருக்கும் ஒரு பீனில், அதாவது ஜாவா பொருளில், வையுங்கள். பக்கத்தின் வெளிச்சுற்றில் உள்ள வியூ டேக்கின் லொகேல் பண்பை அந்த பீனோடு இணைத்துவிடுங்கள். தமிழ்-மலையாள மாற்றம் அதிலேயே முடிந்துவிடும்.

கோரிக்கையின் ஒவ்வொரு கட்டத்திலும் எதையாவது பார்க்க வேண்டும், நேரம் அளக்க வேண்டும் என்றால் ஃபேஸ் லிசனர் இருக்கிறது. பக்க முகவரி உருவாவதை மாற்ற வேண்டும் என்றால் வியூ ஹேண்ட்லர். படம், ஸ்டைல்ஷீட் கோப்புகள் போகும் வழியை மாற்ற ரிசோர்ஸ் ஹேண்ட்லர். இவற்றுக்கெல்லாம் ஃபேசஸ்-கான்ஃபிக்கில் தனித்தனி டேக் உண்டு; ஃபேக்டரி வரை போக வேண்டாம்.

ஃபேக்டரி எப்போது வேண்டும்? ஜேஎஸ்எஃப் படைக்கும் பொருளையே வேறு மாதிரி நடந்துகொள்ள வைக்க வேண்டும், அந்தப் பொருளை நேரடியாகக் குறிப்பிட ஃபேசஸ்-கான்ஃபிக்கில் வேறு டேக் கிடையாது என்கிறபோது. எக்செப்ஷன் ஹேண்ட்லர் அதற்கு நல்ல உதாரணம். ஹேண்ட்லரை நேராகப் பதிவு செய்ய வழியே இல்லை. ஃபேக்டரி வழியாகத்தான் போக வேண்டும். நடைமுறையில் சொந்த ஃபேக்டரி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இதற்காகத்தான் எழுதுகிறார்கள்.

எங்கே பதிவு செய்வது?

வெப்-இன்ஃப் அடைவில் இருக்கும் ஃபேசஸ்-கான்ஃபிக் கோப்பில். ஃபேக்டரி என்ற டேக் ஒன்று திறந்து, அதற்குள் எக்செப்ஷன்-ஹேண்ட்லர்-ஃபேக்டரி என்ற டேக் வைத்து, அதற்குள் உங்கள் கிளாஸின் முழுப் பெயரை, பேக்கேஜ் பெயரோடு சேர்த்து எழுத வேண்டும். அவ்வளவுதான் பதிவு. ஜாவா பக்கத்தில் அனோட்டேஷன் போட்டுப் பதிவு செய்யும் வசதி ஃபேக்டரிகளுக்கு இல்லை, அதைத் தேடி நேரம் போக்க வேண்டாம்.

வேறு இடங்களும் உண்டு. வெப் எக்ஸ்எம்எல் கோப்பில் கான்ஃபிக் ஃபைல்ஸ் என்ற அளவுரு கொடுத்து, கூடுதல் கான்ஃபிக் கோப்புகளின் பெயரைச் சொல்லலாம். ஜார் கோப்புக்குள் மெட்டா-இன்ஃப் அடைவில் ஒரு ஃபேசஸ்-கான்ஃபிக் வைக்கலாம். பல திட்டங்களுக்குப் பொதுவான நூலகம் எழுதுகிறவர்கள் செய்வது இது. அப்புறம் மெட்டா-இன்ஃப் அடைவுக்குள் சர்வீசஸ் என்ற அடைவில், ஃபேக்டரியின் அடிப்படை கிளாஸ் பெயரையே கோப்புப் பெயராக வைத்து, முதல் வரியில் உங்கள் கிளாஸ் பெயரை எழுதுவது. இதில் எதுவும் இல்லையென்றால் ஜேஎஸ்எஃப் தன் சொந்த ஃபேக்டரியை எடுத்துக்கொள்ளும்.

ஒரே ஒரு திட்டத்துக்கு என்றால் வெப்-இன்ஃப் கோப்பிலேயே எழுதுங்கள். அடுத்து வருகிறவர் முதலில் திறந்து பார்ப்பது அதைத்தான்.

அக்கா, நான் என் கிளாஸைப் பதிவு செய்ததும் பழைய ஃபேக்டரி செய்த வேலை எல்லாம் போய்விடாதா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதில்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

போகாது, நீங்கள் சரியான கன்ஸ்ட்ரக்டர் எழுதியிருந்தால். உங்கள் ஃபேக்டரி கிளாஸில், அதே வகை ஃபேக்டரியை ஒரே ஓர் அளவுருவாக வாங்கும் பப்ளிக் கன்ஸ்ட்ரக்டர் இருக்கிறதா என்று ஃபேக்டரி ஃபைண்டர் பார்க்கும். இருந்தால், அதுவரை தேடலில் கிடைத்த ஃபேக்டரியை அதன் வழியாக உங்கள் கையில் கொடுக்கும். அதை ஒரு ஃபீல்டில் வைத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் ஒரு பொருள் கேட்கப்படும்போது முதலில் அந்தப் பழைய ஃபேக்டரியிடம் கேட்டு வாங்கி, அதன்மேல் உங்கள் உறையை (ராப்பர்) போட்டுத் திருப்பிக் கொடுங்கள். லாரிக்காரர் கையில் இருக்கும் சீட்டில் முன்பு விழுந்த முத்திரையைக் கிழிக்காமல் அடுத்த இடத்தில் அடுத்த முத்திரை விழுகிற மாதிரி.

அந்த கன்ஸ்ட்ரக்டர் இல்லாவிட்டால் என்ன ஆகும்? அளவுரு இல்லாத கன்ஸ்ட்ரக்டரை அழைத்து உங்கள் கிளாஸைப் படைத்துவிடும். பிழை எதுவும் வராது, எச்சரிக்கைகூட வராமல் போகலாம். ஆனால் உங்களுக்கு முன்னால் இருந்தவை மொத்தமும் வெளியே. ஜேஎஸ்எஃப்பின் சொந்த ஃபேக்டரி மட்டுமல்ல, நீங்கள் சேர்த்திருக்கும் மற்ற நூலகங்கள் போட்ட உறைகளும் சேர்ந்தே போய்விடும். அப்படி ஆனால் பிழை உங்கள் கோப்பில் தெரியாது. பிரைம்ஃபேசஸ் என்ற நூலகத்தின் பாகம் ஒன்று நேற்று வரை நடந்துகொண்ட மாதிரி இன்று நடக்கவில்லை என்று வேறெங்கோ தெரியும். தேடுகிறவர் அந்த பாகத்தின் ஆவணத்தில் ஒரு நாள் முழுக்கத் தேடுவார்.

ஆகவே எந்த ஃபேக்டரியானாலும் கன்ஸ்ட்ரக்டரை முதலில் எழுதுங்கள், மற்றதெல்லாம் பிறகு. 2017-இல் வந்த ஜேஎஸ்எஃப் 2.3 இதை இன்னும் தெளிவாக்கியது. அடிப்படை ஃபேக்டரி கிளாஸிலேயே பழைய ஃபேக்டரியை வாங்கும் கன்ஸ்ட்ரக்டர் வந்தது. சூப்பர் என்று அழைத்து அதை மேலே அனுப்பிவிட்டால் போதும், ஃபீல்டுகூட வேண்டாம். தேவைப்படும்போது கெட் ராப்டு என்ற மெத்தட் அதைத் திருப்பித் தரும். அளவுரு இல்லாத கன்ஸ்ட்ரக்டரை அந்தப் பதிப்பு கைவிடப்பட்டது என்று குறித்துவிட்டது.

முழு உதாரணம் ஒன்று சொல்ல முடியுமா?

எடைமேடைக்கே வருவோம். மேடை எழுத்தர் காலையில் பதிவுப் பக்கத்தைத் திறக்கிறார். ஒரு லாரியின் காலி எடையைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகிறார். அடுத்த லாரி வர முக்கால் மணி நேரம். திரும்பி வந்து லோடு எடையைப் போட்டு ‘சேமி’ அழுத்துகிறார். செயலியை ஓட்டும் சர்வரான டாம்கேட்டில் செஷன் வழக்கமாக 30 நிமிடம்தான். செஷன் போய்விட்டது, அதில் இருந்த பக்கத்தின் நிலையும் போய்விட்டது. ஜேஎஸ்எஃப் வியூ எக்ஸ்பயர்டு எக்செப்ஷன் எறிகிறது. எழுத்தர் முன்னால் ஒரு திரை நிறைய ஸ்டேக் டிரேஸ் என்ற பிழை வரிகள். பின்னால் லாரி ஹாரன் அடிக்கிறது.

இதைச் சரிசெய்ய இரண்டு கிளாஸ் வேண்டும்.

முதலாவது ஃபேக்டரி. எக்செப்ஷன் ஹேண்ட்லர் ஃபேக்டரியை நீட்டித்து எழுதுங்கள். கன்ஸ்ட்ரக்டர் மேலே சொன்ன மாதிரி. கெட் எக்செப்ஷன் ஹேண்ட்லர் என்ற மெத்தடில் ஒரே வரி: பழைய ஃபேக்டரியிடம் ஹேண்ட்லர் வாங்கி, அதை உங்கள் ஹேண்ட்லரின் கன்ஸ்ட்ரக்டருக்குள் கொடுத்து, புதியதைத் திருப்பிக் கொடுங்கள். ஃபேக்டரியின் வேலை இதோடு முடிந்தது. இதற்குமேல் அதில் எதுவும் எழுதினால் தப்பான இடத்தில் எழுதுகிறீர்கள் என்று பொருள்.

இரண்டாவது ஹேண்ட்லர். எக்செப்ஷன் ஹேண்ட்லர் ராப்பர் என்ற கிளாஸை நீட்டித்து, ஹேண்டில் என்ற மெத்தடை மட்டும் மாற்றி எழுதுங்கள். கோரிக்கையின் ஒவ்வொரு கட்டம் முடியும்போதும் ஜேஎஸ்எஃப் இதை அழைக்கும். உள்ளே செய்ய வேண்டியது இதுதான்.

இன்னும் கையாளப்படாத பிழைகளின் வரிசையை வாங்கி, இட்டரேட்டர் வைத்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். பிழையின் உள்ளே இருக்கும் மூலக் காரணம் என்ன என்று உரித்துப் பாருங்கள். மேலே ஃபேசஸ் எக்செப்ஷன் உறையும் ஈஎல் எக்செப்ஷன் உறையும் இருக்கலாம். கெட் ரூட் காஸ் என்ற மெத்தட் அந்த இரண்டு உறைகளை மட்டும் உரிக்கும், வேறு உறை இருந்தால் நீங்கள்தான் உரிக்க வேண்டும். உள்ளே வியூ எக்ஸ்பயர்டு எக்செப்ஷன் இருந்தால் அதனிடமே எந்தப் பக்கம் என்று கேட்கலாம், கெட் வியூ ஐடி சொல்லும். வியூ ஹேண்ட்லரிடம் அந்தப் பக்கத்தின் முகவரியைக் கட்டித் தரச் சொல்லி, கடைசியில் ‘காலாவதி’ என்று ஓர் அளவுரு சேர்த்து, எக்ஸ்டர்னல் கான்டெக்ஸ்டின் ரீடைரக்ட் மெத்தடை அழையுங்கள். பதில் முடிந்தது என்று ஃபேசஸ் கான்டெக்ஸ்டிடம் சொல்லுங்கள். அந்தப் பிழையை இட்டரேட்டரிலிருந்து நீக்குங்கள். நீக்குவதை ஃபைனலி பகுதியில் வையுங்கள்.

மற்ற பிழைகளைத் தொடாதீர்கள். சுற்று முடிந்ததும் கடைசி வரியாக, பழைய ஹேண்ட்லரின் ஹேண்டில் மெத்தடை அழைத்துவிடுங்கள். இந்தக் கடைசி வரியை விட்டால் உங்களுக்குத் தெரியாத பிழைகள் எல்லாம் சத்தமில்லாமல் மறைந்துவிடும். டேட்டாபேஸ் இணைப்பு அறுந்தால்கூட எழுத்தருக்குச் சீட்டு பதிவான மாதிரித் தெரியும். எடைச் சீட்டு என்பது காசு சம்பந்தப்பட்ட விஷயம், அதில் இப்படி ஒரு மௌனம் இருக்கவே கூடாது.

பக்கத்தின் மேல் ‘காலாவதி’ அளவுரு வந்திருந்தால், ‘நேரமாகிவிட்டதால் பக்கம் புதிதாகத் திறக்கப்பட்டது, எடையைத் திரும்பப் பதியவும்’ என்று இரண்டு மொழியிலும் ஒரு வரி காட்டுங்கள். தட்டச்சு செய்தது போய்விட்டது. ஃபேக்டரி அதைக் காப்பாற்றாது. அதை எழுத்தருக்கு நேராகச் சொல்லிவிடுவதுதான் மரியாதை.

பட்டனை அழுத்தினால் ஒன்றுமே நடக்கவில்லை, பிழையும் இல்லை. ஏன்?

பட்டன் அஜாக்ஸ் முறையில், அதாவது முழுப் பக்கத்தையும் திரும்பத் திறக்காமல் பின்னணியில், வேலை செய்கிறது. பிழைச் செய்தி பிரௌசருக்கு வருகிறது, ஆனால் அதைக் காட்ட யாரும் இல்லை. ப்ராஜெக்ட் ஸ்டேஜ் என்ற அளவுரு டெவலப்மென்ட் என்று இருந்தால் ஒரு எச்சரிக்கைப் பெட்டி வரும். புரொடக்ஷன் என்று மாற்றியதும் அதுவும் நின்றுவிடும். அதனால்தான் உங்கள் மடிக்கணினியில் தெரிந்த பிழை, எடைமேடைக் கணினியில் தெரிவதில்லை.

மேலே சொன்ன ஹேண்ட்லர் இங்கேயும் வேலை செய்யும். எக்ஸ்டர்னல் கான்டெக்ஸ்டின் ரீடைரக்ட், கோரிக்கை அஜாக்ஸா இல்லையா என்று பார்த்து, அஜாக்ஸ் என்றால் பிரௌசர் புரிந்துகொள்ளும் வகையில் எக்ஸ்எம்எல் பதில் எழுதி அனுப்பும். நீங்களே சர்வ்லெட் ரெஸ்பான்ஸை நேரடியாகப் பிடித்து அதன் சென்ட் ரீடைரக்ட்டை அழைத்தால் இது நடக்காது.

ஃபேக்டரி இல்லாமலே அந்தக் காலாவதிப் பிரச்சினையைக் குறைக்க முடியாதா?

முடியும், குறைத்துவிட்டுத்தான் ஃபேக்டரிக்கு வர வேண்டும். பக்கத்தின் நிலையை எங்கே வைப்பது என்பதற்கு ஸ்டேட் சேவிங் மெத்தட் என்ற அளவுரு உண்டு. சொல்லாவிட்டால் சர்வர். கிளையன்ட் என்று மாற்றினால் நிலை பக்கத்துக்குள்ளேயே மறைவான ஃபீல்டாகப் போய்விடும். செஷன் முடிந்தாலும் அந்தப் பக்கம் உயிரோடு இருக்கும், எழுத்தர் தட்டச்சு செய்ததும் பிழைக்கும். ஆனால் லாகின் செஷனில் இருந்தால் அது எப்படியும் போகும். பக்கத்தின் எடையும் கூடும், மலையோரத்தில் சிக்னல் மெலிந்த இடத்தில் அது உறைக்கும். ஜேஎஸ்எஃப்பின் செயலாக்கங்களில் ஒன்றான மொஹாராவில் இந்த நிலை மறையாக்கம் செய்யப்பட்டுப் போகிறது, ஆகவே சர்வர் மறுதொடக்கத்துக்குப் பிறகும் படிக்க வேண்டுமானால் சாவியை நிலையாக வைக்க வேண்டும்.

இன்னொன்று: செஷன் உயிரோடு இருக்கும்போதே காலாவதி வருகிறதா? ஒரு செஷனுக்கு இத்தனை பக்கங்களின் நிலைதான் என்று வரம்பு இருக்கிறது. மொஹாராவில் வழக்கமாக 15, இன்னொரு செயலாக்கமான மைஃபேசஸில் 20. பத்துப் பதினைந்து டேப் திறந்து வைத்து வேலை செய்கிற அலுவலகத்தில் இது சாதாரணமாக நடக்கும். வரம்பைக் கூட்டிப் பாருங்கள்.

என் ஃபேக்டரி, இரண்டு நூலகங்களின் ஃபேக்டரி, மூன்றும் இருந்தால் எது வெளியே நிற்கும்?

வெப்-இன்ஃப் கோப்பில் இருப்பது வெளியே நிற்கும். அதாவது உங்களுடையது கடைசியாகப் போடப்பட்ட உறை, பிழை முதலில் உங்களிடம் வரும். ஜார் கோப்புகளுக்குள் இருப்பவை அதற்கு உள்ளே.

இரண்டு ஜார்களுக்குள் எது முதல் என்பதைத் தற்செயலுக்கு விடாதீர்கள். ஜேஎஸ்எஃப் 2.0 முதல், அதாவது 2009 முதல், இதற்கு ஒழுங்கு சொல்ல வழி உண்டு. ஒவ்வொரு ஜாரின் ஃபேசஸ்-கான்ஃபிக்கிலும் நேம் என்ற டேக்கில் பெயர் இருந்தால், உங்கள் வெப்-இன்ஃப் கோப்பில் அப்சல்யூட்-ஆர்டரிங் என்ற டேக்குக்குள் அந்தப் பெயர்களை வரிசையாக எழுதலாம். கவனம்: அதில் பெயர் சொல்லப்படாத ஜார்களின் கான்ஃபிக் படிக்கப்படவே மாட்டாது. அதர்ஸ் என்ற டேக்கையும் மறக்காமல் சேருங்கள்.

பதிவு செய்துவிட்டேன், ஆனால் என் கிளாஸ் ஓடவே இல்லை. எங்கே பார்ப்பது?

முதலில் கன்ஸ்ட்ரக்டரில் ஒரு லாக் வரி போடுங்கள். கையில் வந்த பழைய ஃபேக்டரியின் கிளாஸ் பெயரையும் அதிலேயே அச்சிடுங்கள். அந்த ஒரு வரி, உங்கள் கிளாஸ் எடுக்கப்பட்டதா, உள்ளே யார் இருக்கிறார்கள் என்ற இரண்டுக்கும் விடை சொல்லும்.

வரி வரவில்லை என்றால் கோப்பு இருக்கும் இடத்தைச் சந்தேகப்படுங்கள். மேவன் என்ற கருவியால் கட்டும் திட்டத்தில் வெப்ஆப் அடைவுக்குள் ஒரு மெட்டா-இன்ஃப் இருக்கும். ரிசோர்சஸ் அடைவுக்குள் ஒரு மெட்டா-இன்ஃப் இருக்கும். பெயர் ஒன்று, போய்ச் சேரும் இடம் வேறு. வெப்ஆப்பில் இருப்பது வார் கோப்பின் வேரில் போய் உட்காரும், கிளாஸ்பாத்தில் வராது. சர்வீசஸ் கோப்பை அங்கே வைத்தால் யாரும் படிக்க மாட்டார்கள். ரிசோர்சஸில் வைத்தால்தான் வெப்-இன்ஃப் கிளாசஸ் அடைவுக்குள் போகும். சந்தேகம் இருந்தால் கட்டி முடித்த வார் கோப்பையே ஜிப் மாதிரித் திறந்து கண்ணால் பாருங்கள். ஊகிப்பதைவிட அது சீக்கிரம்.

வெப்-இன்ஃப் ஃபேசஸ்-கான்ஃபிக்கில்தான் எழுதினேன் என்றால், டேக்கின் பெயரையும் கிளாஸின் பேக்கேஜ் பெயரையும் எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். பேக்கேஜ் மாற்றும்போது ஐடிஇ ஜாவா கோப்புகளை மாற்றிவிட்டு எக்ஸ்எம்எல்லை விட்டுவிடுவது உண்டு.

டாம்கேட்டை 10-க்கு மாற்றினோம். அன்றிலிருந்து ஃபேக்டரி ஏற மறுக்கிறது.

பேக்கேஜ் பெயர்தான் காரணம். 2020 இறுதியில் வந்த ஜகார்த்தா ஈஈ 9-இல் (ஜாவா ஈஈ-யின் புதிய பெயர்) ‘ஜாவாக்ஸ்’ என்று தொடங்கிய ஈஈ பேக்கேஜ் பெயர்கள் ‘ஜகார்த்தா’ என்று மாறின. ஜேஎஸ்எஃப் அதோடு ஜகார்த்தா ஃபேசஸ் 3.0 ஆனது; 2022-இல் 4.0. டாம்கேட் 9 வரை பழைய பெயர், 10 முதல் புதிய பெயர்.

ஜாவா கோப்புகளின் இம்போர்ட் வரிகளை மாற்றுவதை எல்லாரும் செய்துவிடுகிறார்கள், கம்பைலர் விடாது. விட்டுப்போவது கம்பைலர் பார்க்காத இடங்கள்: சர்வீசஸ் கோப்பின் பெயர், வெப் எக்ஸ்எம்எல்லில் அளவுருக்களின் பெயர், ஃபேசஸ்-கான்ஃபிக்கின் நேம்ஸ்பேஸ். சர்வீசஸ் கோப்பு பழைய பெயரில் இருந்தால் பிழைகூட வராது. அது யாரும் தேடாத கோப்பாகிவிடும், அவ்வளவே. பழைய ஜார் ஏதாவது உள்ளே இருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய பெயரை நம்பி எழுதிய நூலகம் ஒன்று இருந்தாலும் கிளாஸ் கிடைக்கவில்லை என்ற பிழை வரும்.

ஃபேக்டரிக்குள் பயனர் பெயரை, லாரி எண்ணை ஒரு ஃபீல்டில் வைக்கலாமா அக்கா?

வைக்காதீர்கள். ஃபேக்டரி ஒரு வலைச் செயலிக்கு ஒன்றுதான். ஒருமுறை படைத்ததும் ஃபேக்டரி ஃபைண்டர் அதை வைத்துக்கொள்ளும். எல்லாக் கோரிக்கைகளும் ஒரே நேரத்தில் அதன் வழியே போகும். ஒருவர் லாரி எண் இன்னொருவர் சீட்டில் ஏறிவிடும். ஹேண்ட்லர் அப்படி இல்லை, அது கோரிக்கைக்கு ஒன்று, அங்கே வைக்கலாம்.

ஹேண்ட்லருக்குள் இன்ஜெக்ட் (தேவையான பீனை கன்டெய்னரே கொண்டுவந்து தருவது) வேலை செய்யவில்லை என்று கேட்பவர்களுக்கும் இதே இடத்தில் பதில். ஹேண்ட்லரை நியூ போட்டுப் படைப்பது நீங்கள். கன்டெய்னர் கை வைக்காத பொருளில் இன்ஜெக்ட் நடக்காது. தேவையான பீனை, தேவைப்படும் நேரத்தில், சிடிஐ-யின் கரன்ட் மெத்தட் வழியாகக் கேட்டு வாங்குங்கள்.

பிழைச் செய்தியில் தமிழும் மலையாளமும் குப்பையாக வருகிறது. ஃபேக்டரி காரணமா?

இல்லை. செய்திகள் இருக்கும் ப்ராப்பர்ட்டீஸ் கோப்பு காரணம். ஜாவா 8 வரை அந்தக் கோப்புகள் லத்தீன் எழுத்துக் குறியாக்கத்தில் படிக்கப்பட்டன. தமிழ் எழுத்தை யூனிகோட் எண்ணாக மாற்றி எழுத வேண்டியிருந்தது. ஜாவா 9 முதல் ரிசோர்ஸ் பண்டிலுக்கு யூடிஎஃப்-8 தான் வழக்கம். பழைய ஜாவாவில் மாட்டிக்கொண்டவர்கள் எழுத்துகளை மாற்றியே எழுத வேண்டும்.

ஸ்பிரிங்கில் ஃபேக்டரி பீன் என்று ஒன்று இருக்கிறதே, அதுவும் இதுவும் ஒன்றா? ஸ்ட்ரட்ஸ் 2-இல்?

ஒன்றல்ல. ஸ்பிரிங்கின் ஃபேக்டரி பீன், ஒரு குறிப்பிட்ட பீனை எப்படிப் படைப்பது என்று நீங்கள் சொல்லும் வழி. இங்கே பேசுவது ஃபிரேம்வொர்க் தனக்கே தேவையானதைப் படைக்கும் வழி.

ஸ்ட்ரட்ஸ் 2 கொஞ்சம் நெருங்கி வரும். ஆப்ஜெக்ட் ஃபேக்டரி என்ற கிளாஸை நீட்டித்து எழுதி, ஸ்ட்ரட்ஸ் எக்ஸ்எம்எல்லில் ஒரு கான்ஸ்டன்ட்டாகப் பெயரைச் சொல்ல வேண்டும். ஆக்ஷன், இன்டர்செப்டர் எல்லாம் அதன் வழியாகப் படைக்கப்படும். ஸ்பிரிங் பிளகின் ஜார் இருந்தால் அது அந்த இடத்தை ஏற்கனவே பிடித்திருக்கும். அதைப் பார்க்காமல் உங்களுடையதைப் பதிந்தால் ஸ்பிரிங் பீன்கள் ஆக்ஷனுக்குள் வராமல் போகும். ஸ்பிரிங் ஆப்ஜெக்ட் ஃபேக்டரியையே நீட்டித்து எழுதுவது நல்லது.

எந்த ஃபேக்டரிகளைத் தொடாமல் இருப்பது நல்லது?

லைஃப்சைக்கிள் ஃபேக்டரி. கோரிக்கையின் கட்டங்களையே அது ஆள்கிறது; ஃபேஸ் லிசனரால் முடியாதது எது என்று எழுதிக் காட்ட முடிந்தால் மட்டும் தொடுங்கள். ஃபேசஸ் கான்டெக்ஸ்ட் ஃபேக்டரியும் அப்படித்தான். அதற்கு ராப்பர் கிளாஸ் இருந்தாலும், ஒவ்வொரு கோரிக்கையும் அதன் வழியே போவதால் அங்கே எழுதும் ஒரு மெதுவான வரி மொத்தச் செயலியையும் மெதுவாக்கும்.

நானே எழுதாமல் தயாராக இருப்பதைப் பயன்படுத்தலாமா?

தாராளமாக. ஆம்னிஃபேசஸ் நூலகத்தில் ஃபுல் அஜாக்ஸ் எக்செப்ஷன் ஹேண்ட்லர் இருக்கிறது. அதன் ஃபேக்டரியின் பெயரை ஃபேசஸ்-கான்ஃபிக்கில் எழுதி, வெப் எக்ஸ்எம்எல்லில் எரர்-பேஜ் பக்கங்களைச் சொல்லிவிட்டால், அஜாக்ஸ் கோரிக்கையில் வரும் பிழைக்கும் அந்தப் பக்கங்களே வரும். பிரைம்ஃபேசஸ் பயன்படுத்துகிறவர்களுக்கு அதிலேயே ஒரு எக்செப்ஷன் ஹேண்ட்லர் ஃபேக்டரி உண்டு. இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ளாதீர்கள், எது பிழையைப் பிடித்தது என்று தேடுவது தனி வேலையாகிவிடும்.

எதைப் பயன்படுத்தினாலும் வெப் எக்ஸ்எம்எல்லின் எரர்-பேஜ் வேண்டும். சர்வ்லெட் ஃபில்டரில் வெடிக்கும் பிழை ஜேஎஸ்எஃப் வரை வருவதே இல்லை. எக்செப்ஷன் ஹேண்ட்லர் எவ்வளவு நன்றாக எழுதியிருந்தாலும் அதைப் பார்க்காது. லாகின் சோதனையைப் பெரும்பாலும் ஃபில்டரில்தான் வைக்கிறோம், ஆகவே அந்தப் பக்கத்தையும் இரண்டு மொழியில் எழுதி வைத்துவிடுங்கள். ஸ்டேக் டிரேஸ் லாகுக்குப் போகட்டும், எழுத்தருக்குத் தேவை அடுத்து என்ன செய்வது என்பதும் யாருக்குப் போன் போடுவது என்பதும்தான்.